ஷூவில் ஏறிய கோபுரக் கரை

ஆரணி,
10.7.2007

மரியாதைக்குரிய மச்சான் சந்திரமோகன் அவர்களுக்கு, லோகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மையா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தங்கை சுகன்யாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாவது வீட்டுக் கொடியில் காய்வது யார் துணி என்றுகூட இப்போது சொல்கிறாள். அதற்காகப் படவேடு ரேணுகாம்பாளுக்கு நேர்ந்துகொண்ட பட்டுப் புடவை தறியில் இருக்கிறது. ஆடி மூன்றாம் வெள்ளிக்குச் சாத்த வேண்டும். கோபுரக் கரை, கட்டம் போட்ட தாளில் நானே வரைந்தது. அதுவரை ஒரு குழப்பமும் இல்லை. குழப்பம், நீங்கள் நம் பெண் காவ்யாவுக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் ஒரு விளையாட்டு. ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. ஓர் ஊர், அதில் ஓர் ஆள், அவன் இஷ்டத்துக்குச் சுற்றுகிறான். நம் தெருவிலும் அப்படிச் சிலர் உண்டு, அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. அந்த ஆளுக்கு விளையாட்டைச் செய்தவர்கள் கொடுத்த ஷூ செங்கல் மாதிரி இருக்கிறதாம். அதனால் உங்கள் மருமகள் கம்ப்யூட்டரிலேயே புதிதாக ஒரு ஜோடி செய்து கொடுத்திருக்கிறாள். லேஸ் கோக்க எட்டுத் துளை, ஓரத்தில் தையல், குதிகாலில் தேய்மானம், அடியில் மண்.

"அடிப்பக்கத்த எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

"பொடவைக்குப் பின்னால பிசிறு வெட்டிகினு இருக்கீங்களே நைனா, அத மட்டும் யாரு பாக்கறாங்க?"

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஷூவின் இரு பக்கமும் என் கோபுரக் கரை ஓடுகிறது. கரை நெய்யத் தறிக்குத் துளை அட்டை அடிப்பதற்காக அவளிடம் கம்ப்யூட்டரில் ஏற்றக் கொடுத்த அதே டிசைன்.

"அம்மன் கரைய கொண்டுபோய் கால்ல போட்டுட்டியே."

"அவனுக்கு ஏது நைனா காலு?" என்று திரையில் ஷூவைக் கழற்றிக் காட்டினாள். மெய்தான். ஆள் கணுக்காலோடு முடிந்துவிடுகிறான். "வெரலு வரையணும்னா ரெண்டு வாரம் ஆவும்" என்றாள்.

இன்டர்நெட்டில் அவள் போட்டுவைத்த இந்த ஷூவை இதுவரை நானூறு பேர் இலவசமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர் நன்றி தெரிவித்திருக்கிறார். அவருக்குப் பதில் போடுவதா, பரிகாரம் சொல்வதா என்று தெரியவில்லை. அடுத்த தறிக்காரர் மாணிக்கவேலிடம் கேட்டேன். "கட்டின பொடவையா இருந்தா ஒரு பேச்சு. இது கட்டாத பொடவை, இல்லாத காலு. இதுக்கு நம்ம சங்கத்துல ரூல் இல்லீங்களே" என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். சுகன்யாவோ தினமும் தறிப்பக்கம் வந்து, "அம்மனுக்கு ஆவுமா, ஆவாதா? என் கண்ணு விஷயம்ங்க" என்கிறாள். நாலு முழம் நெய்தாகிவிட்டது. சாத்தலாமா, அறுத்து எறிவதா? நாலும் படித்தவர் நீங்கள், உடனே எழுதுங்கள். அப்படியே அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துப்போகவும் ஒரு நாள் குறியுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசிகள், கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதலாக.

இப்படிக்கு,
லோகநாதன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். கரையை அழித்துவிடச் சொன்னதும் காவ்யா ஷூவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். கோபுரத்தில் நாலே கலசம். என் தாளை எடுத்துப் பார்த்தேன், அதிலும் நாலுதான். நான் போட்டது ஐந்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாலு முழத்தையும் அறுத்துவிட்டு ஐந்து கலசத்துக்குப் புது அட்டை அடித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்குள் முடிந்துவிடும். கோபுரக் கலசம் ஒற்றைப்படையில்தான் இருக்கும், நாலு கலசத்தில் கோபுரமே கிடையாது, ஆகவே ஷூவில் இருப்பது வெறும் முக்கோணம் என்று மாணிக்கவேல் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சுகன்யாவும் ஒப்புக்கொண்டாள். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும், டிசைன் சரிபார்க்க உதவுகிறது. ஷூவிலும் ஐந்தாவது கலசத்தைச் சேர்க்கட்டுமா என்று காவ்யா கேட்கிறாள். தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.