ஏட்டையாவின் புதன்கிழமை

"என்னா தப்பு பண்ணீங்க? எங்கிட்டயாவது சொல்லுங்க" என்று அம்சா மூன்றாவது தடவையாகக் கேட்டபோது காலை மணி பத்து. அவள் புருஷன் ஏட்டு துரைக்கண்ணு வேட்டி பனியனோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் பண்ணலன்னு சொல்றேன் இல்ல. புதுசா உத்தரவு வந்திருக்குது. போலீஸ்காரனுக்கும் வாரத்துல ஒரு நாள் ஓய்வு. சீனியர்னு எம் பேரத்தான் முதல்ல போட்டிருக்காங்க. எனக்கு புதன்கிழமை."

"வேலை செய்யாம ஊட்ல குந்திக்கினு இருக்கறதுக்கு சம்பளம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

அம்சா நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவளுக்கு இருபத்திரண்டு வருஷத்துக் காரணம் இருந்தது. சொந்த அப்பா செத்தபோது கொள்ளி வைத்துவிட்டு அன்றைக்கே டூட்டிக்குத் திரும்பியவர் இவர். மகள் காந்திமதி பிறந்தபோது விழுப்புரம் ஜங்ஷனில் பந்தோபஸ்து. குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பதினோரு நாள் ஆயிற்று. அப்படிப் பிழிந்தெடுத்த சர்க்கார் திடீரென்று, போய் வீட்டில் சும்மா இரு என்று சொல்லுமா? போன வருஷம் கான்ஸ்டபிள் சின்னதுரை இப்படித்தான் பட்டப்பகலில் வேட்டியோடு வீட்டில் இருந்தான். லீவு என்றுதான் பெண்டாட்டியிடம் சொன்னான். கைதியைத் தப்பவிட்டதற்கு சஸ்பெண்டு என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மத்தியானம் காந்திமதி சோறு போட்டாள். ஆவி பறக்கிற சோற்றைப் பகல் வெளிச்சத்தில், சொந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று துரைக்கண்ணு யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. மகளிடம் ஏதாவது பேச வேண்டும் போல இருந்தது.

"படிப்பெல்லாம் எப்படிம்மா போவுது?"

"எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு மூணு வருஷம் ஆச்சுப்பா" என்றாள் அவள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ செய்தது.

சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் நடந்தார். பயந்து உள்ளே கிடப்பவன் இல்லை என்று நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தார். எப்போதும் அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிற டீக்கடைக்காரர் அன்று உட்கார்ந்தபடியே, "மனச விட்டுடாதீங்க ஏட்டையா, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். வீட்டுக்குத் திரும்பினால், எதிர்வீட்டுப் பூமாலை ஒரு தூக்கில் கேப்பைக் கூழோடு அம்சாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது மாதிரி.

போலீஸ் லைனில் குடியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. அங்கே எல்லோருக்கும் உத்தரவு தெரியும். லைனில் இடம் இல்லாமல் திண்டிவனத்தில் ஊருக்குள் வாடகைக்கு இருந்ததுதான் வினையாயிற்று.

துரைக்கண்ணு நேரே ஸ்டேஷனுக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். இவரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என்ன ஏட்டு, என் வேலைக்கு உலை வைக்கறீங்களா? ஓய்வு நாள்ல நீங்க ஸ்டேஷன்ல நின்னா, நான் ஓய்வே குடுக்கலைன்னு மெமோ வரும். முதல்ல வெளியே போங்க."

"ஐயா, ஊட்ல நம்ப மாட்டேங்கறாங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"ரைட்டரை அனுப்பி வைக்கிறேன். போங்க ஜல்தி."

சொன்னபடியே ரைட்டர் தேவசகாயம் ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு சைக்கிளில், முழு உடுப்போடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய ரிஜிஸ்டர்.

"அண்ணே, ஓய்வு எடுத்துக்கினேன்னு இதுல ஒரு கையெழுத்து போடணும். புது ரூல்" என்றார். அம்சாவிடமும் சொன்னார்: "அண்ணி, அண்ணன் மேல ஒரு கேசும் இல்ல. சத்தியமா லீவுதான்."

அம்சா பாதி நம்பினாள். ஆனால் தெரு கேட்டது தேவசகாயத்தின் பேச்சை அல்ல. பார்த்தது இரண்டு போலீசையும், குனிந்து கையெழுத்துப் போட்ட ஏட்டையாவையும்தான். விளக்கு வைப்பதற்குள் சஸ்பெண்டு ஆனவரை டிஸ்மிஸ் ஆக்கிவிட்டார்கள். பூமாலையின் அக்கா வாழ்க்கைப்பட்டது அனந்தபுரத்தில். மறுநாள் செஞ்சி பஸ்ஸில் அந்தச் செய்தியும் ஏறிப் போயிற்று.

அனந்தபுரம்தான் துரைக்கண்ணுவுக்கு வலித்த இடம். காந்திமதியைப் பெண் பார்க்க அங்கிருந்துதான் மூன்று மாதத்துக்கு முன்னால் சுப்பராயலு குடும்பத்தோடு வந்து போனார். கிணறும் நிலமும் உள்ள நல்ல குடும்பம். பையனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான், ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முன்னால் வந்துபோன இரண்டு இடமும் அப்படியே. பெண்ணுக்கு என்ன குறை என்று அம்சாவுக்குப் புரியவே இல்லை. காந்திமதி ஒன்றும் கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அனந்தபுரத்திலிருந்து ஆள் வந்தது. வருகிற புதன்கிழமை சுப்பராயலு குடும்பத்தோடு வருகிறாராம்.

"மூணு மாசம் வராதவங்க இப்ப ஏன் வர்றாங்க?" என்றாள் அம்சா. அவளே பதிலும் சொன்னாள். "சங்கதி காதுல உழுந்திருக்கும். வேலை போனவன் ஊட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான் வர்றாங்க." அவள் சத்தமில்லாமல் அழுதாள். உள்ளே காந்திமதி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிற்று.

துரைக்கண்ணு எத்தனையோ கலவரத்தைப் பார்த்தவர். கல்லடி பட்டிருக்கிறார். எதற்கும் இப்படிப் பயந்ததில்லை. தன்னால் மகளுக்கு ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. இப்போது கெடுதலும் செய்துவிட்டோமே என்று நினைத்தார். புதன்கிழமை வேட்டியோடு அவர்கள் எதிரில் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றார். "ஐயா, எனக்கு இந்த ஓய்வு வேணாம். திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

"வேணாம்னு சொல்றதுக்கு ரூல் இல்லையே ஏட்டு. ரிஜிஸ்டர்ல காலியா விட்டா விழுப்புரத்துப் பெரிய ஆபீஸ்லேருந்து கேப்பாங்க."

கடைசியில் தேவசகாயம் தன்னுடைய வெள்ளிக்கிழமையைக் கொடுத்து இவருடைய புதன்கிழமையை வாங்கிக்கொண்டார். ஏட்டின் முகத்தைப் பார்த்து சப்-இன்ஸ்பெக்டருக்கும் மனசு இளகிவிட்டது. முத்திரை வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். போதாததற்கு, புதன்கிழமை பதினோரு மணிக்கு ஜீப்பிலேயே அந்த வழியாக வருவதாகவும் சொன்னார்.

புதன்கிழமை பத்தரை மணிக்குச் சுப்பராயலு வந்தார். கூட அவர் மனைவி கிருஷ்ணவேணி, உறவுக்காரர் இரண்டு பேர். கிருஷ்ணவேணியின் கையில் துணி போட்டு மூடிய ஒரு தாம்பாளம் இருந்தது.

துரைக்கண்ணு வாசலிலேயே நின்று வரவேற்றார். கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கி. கையில் மூன்று பட்டை. பித்தளைப் பட்டன்கள் வெயிலில் மின்னின. வந்தவர்கள் அவரைத் தலையிலிருந்து பூட்ஸ் வரை பார்த்தார்கள். சுப்பராயலு எடுத்து வைத்த காலை ஒரு நொடி அப்படியே நிறுத்தி, பிறகு உள்ளே வந்தார்.

பாயில் உட்கார்ந்தார்கள். அம்சா காப்பி கொடுத்தாள். யாரும் தம்ளரைத் தொடவில்லை. துரைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"ஊர்ல என்னென்னவோ பேசிக்கறாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. அதனால இதை நானே படிச்சுக் காட்டிடறேன்."

கடிதத்தைப் பிரித்துப் படித்தார். மேற்படி தலைமைக் காவலர் மீது எவ்வித நடவடிக்கையும் இல்லை. அவர் தொடர்ந்து பணியில் இருக்கிறார். இன்னும் பல ஆண்டுகள் இருப்பார். கடைசி வரியைச் சப்-இன்ஸ்பெக்டர் அன்பினால் சேர்த்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்காமலே, "ஏட்டு, நீங்க இல்லாம ஸ்டேஷனே ஓடாதுய்யா, சீக்கிரம் வந்து சேருங்க" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். துரைக்கண்ணு திரும்பி அம்சாவைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரைப் பெருமையோடு பார்த்தாள். கதவுக்குப் பின்னால் காந்திமதியின் வளையல் சத்தம் கேட்டது.

சுப்பராயலு மனைவியைப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத கிருஷ்ணவேணி, தாம்பாளத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"பொண்ணை அன்னிக்கே எங்க எல்லாருக்கும் புடிச்சிப்போச்சுங்க அண்ணா, போலீஸ்காரர் ஊட்ல எப்படிச் சம்பந்தம் வெச்சிக்கறதுன்னுதான் மூணு மாசமா பயந்துக்கினு இருந்தோம், உங்களுக்கு வேலை பூடுச்சின்னு கேட்டப்புறம்தான் தைரியமா தட்டு மாத்திக்கலாம்னு கிளம்பி வந்தோம்."