மரக்கிளைத் திணைக்களமும் பஸ்கால் கார்த்திகனும்

கொழும்பில் ஒரு மரக்கிளை அயலவர் கூரைக்கு மேல் நீண்டுவிட்டால், கத்தியை எடுக்கமுன் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அரசாங்கம் அந்தக் கிளையைப் பற்றி ஆற அமர யோசித்து, வெட்டலாம் என்றோ, வெட்டக் கூடாது என்றோ, பாதி வெட்டலாம் என்றோ சொல்லும். இந்தப் பாரிய பொறுப்பைத் தாங்குவதற்காகவே வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்று மாடிகளோடு மரக்கிளை அனுமதித் திணைக்களம் நின்றது. கீழ் மாடி மரங்களுக்கு. நடு மாடி கிளைகளுக்கு. மேல் மாடி பணிப்பாளருக்கு.

நடு மாடியில் ஒரு கணினி இருந்தது. அதில் ஓடிய மென்பொருளை எழுதியவர் கார்த்திகன். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ஒப்பந்த ஊழியர். வயது நாற்பத்தெட்டு. அவர் அதைப் பஸ்கால் என்ற கணினி மொழியில் எழுதியிருந்தார். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பிறகு உலகம் கைகழுவிவிட்ட மொழி. கார்த்திகனுக்கு அது பிடித்திருந்தது. தொடங்கு என்று எழுதினால் தொடங்கும்; முடி என்று எழுதினால் முடியும். இப்படி நடந்துகொள்ளும் வேறெதையும் அவர் இந்த நாட்டில் கண்டதில்லை.

பதினொரு வருடமாக அது நிற்கவில்லை. மணிக்கணக்காக மின்வெட்டு வந்த காலத்திலும், மின்சாரம் திரும்பியதும் விட்ட இலக்கத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டது. மூன்று நாளில் அனுமதி வந்தது. அதில் ஒரேயொரு குறைதான்: அதைப் பற்றி ஒரு முறைப்பாட்டுக் கோவைகூட இல்லை. கோவை இல்லாத ஒரு பொருள் திணைக்களத்தில் இருக்கிறதா இல்லையா என்று எவரால் அடித்துச் சொல்ல முடியும்?

கார்த்திகனுக்கும் ஒரு குறை இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, மனைவி அனுஷியாவின் நச்சரிப்புத் தாங்காமல், ஏதாவதொரு வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பார். தெரிந்த கணினி மொழியைத் தெரிவுசெய்யச் சொல்லி ஒரு பட்டியல் வரும். அதில் பஸ்கால் இருக்காது. 'ஏனையவை' என்பதைக் குறித்து அனுப்புவார். ஏனையவற்றுக்கு எந்த நாட்டிலும் வேலை இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் யோகேஸ்வரி மேடம் புதிய பணிப்பாளராக வந்தார். வந்த மூன்றாம் கிழமை, 'இடர் முகாமைத்துவம்' என்ற இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நிம்மதியான மனுஷி. திரும்பி வந்தபோது பார்த்ததெல்லாம் இடராகத் தெரிந்தது. கார்த்திகனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பஸ்காலை வேற ஆர் பாவிக்கினம்?"

"கொழும்பிலையோ மேடம்? எனக்குத் தெரிய நான்தான்."

"அப்ப நாளைக்கு உமக்கு ஏதும் நடந்தால்?"

"பதினொரு வருசமா ஒண்டும் நடக்கேல்லை, மேடம்."

"அதுதான் எனக்குப் பயம். இவ்வளவு காலமும் ஒண்டும் நடக்காத ஆளுக்கு இனித்தானே நடக்கும்."

ஒப்பந்தம் புதுப்பிக்க மூன்று மாதம் இருந்தது. கார்த்திகன் களுபோவில ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று இரத்த அழுத்தம் பார்த்து வந்தார். கிராம அலுவலரிடம் போய், ஓய்வூதியக்காரர் வருடாவருடம் எடுக்கும் உயிர்வாழ் சான்றிதழ் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உயிர் இருக்கும் போலத்தான் தெரிகிறது என்று முத்திரை குத்தினார். மேடம் சான்றிதழின் திகதியைப் பார்த்தார்.

"இது செவ்வாய்க்கிழமை வரைக்கும்தானே செல்லும். இண்டைக்கு வெள்ளி."

அடுத்த கிழமை ஆலோசகர் சுமன் வந்தார். கழுத்தில் அட்டை, முதுகில் பை, காலில் வெள்ளைச் சப்பாத்து. அவர் கொண்டுவந்த கணினி மொழி உலகத்தில் எல்லோரும் பாவிப்பது. அதன் பெயரை இங்கே எழுதலாம். ஆனால் நீங்கள் இதை வாசிக்கும்போது அது பழசாகி வேறொன்று வந்திருக்கும்.

"அண்ணை, குறை நினைக்காதீங்கோ," என்றார் சுமன். "வெள்ளவத்தைச் சந்தியில நிண்டு கல்லெறிஞ்சால் பஸ்கால் தெரிஞ்ச ஒருத்தருக்காவது படுமோ?"

"என்ர தலையில பட்டால் உண்டு."

"என்ர மொழியெண்டால் பத்துப் பேருக்குப் படும். ஒருத்தர் போனால் ஒன்பது பேர் நிப்பினம். அதுதான் பாதுகாப்பு."

மேடம் தலையாட்டினார். பிழையில்லாத கணக்கு. கார்த்திகனுக்கே அதில் பிழை பிடிக்கத் தெரியவில்லை.

ஐந்து பொடியன்கள் வந்தார்கள். கார்த்திகன் தன் அறிவு முழுவதையும் இரண்டு கிழமையில் கையளிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது, கையளித்தார், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் வாங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்தது. அவருடைய கணினியை எறிய முடியவில்லை. அரசாங்கச் சாமான் ஒன்றைக் கழிப்பதென்றால் அதற்கென ஒரு சபை வந்து பார்த்து ஒப்பமிட வேண்டும். அந்தச் சபை எப்போது வரும் என்பது அந்தச் சபைக்கே தெரியாது. ஆகவே கணினியைப் பழனியம்மாவின் தேநீர் அறையில், கேத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

பழனியம்மா மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழும்புக்கு வந்து, இருபது வருடமாகத் திணைக்களத்துக்குத் தேநீர் போடுபவர். கார்த்திகன் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் பதினொரு வருடமாக அந்த மென்பொருளைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

"சாவி எங்கன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி," என்றார் விடைபெறும்போது. "தூசி தட்டணும்ல."

கார்த்திகன் கடவுச்சொல்லை ஒரு தேயிலைப் பைக்கற்றின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். வீட்டு முன்னறையில் பழைய கணினிகள் திருத்தத் தொடங்கினார்.

புதிய மென்பொருள் திறப்புவிழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதலாவது விண்ணப்பதாரர் மட்டக்குளியில் பெயின்ற் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன் நானா. பக்கத்து வளவு ஈரப்பலாக் கிளை அவர் கூரைக்கு மேல் தொங்கியது. அவருடைய கைபேசிக்கு உடனே செய்தி வந்தது: 'தங்கள் கிளை பரிசீலனையில் உள்ளது.' கைதட்டினார்கள்.

இரண்டாம் மாதம் முதலாவது பொடியனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. கேக் வெட்டினார்கள். அடுத்த மாதம் இரண்டாமவனுக்கு ஒக்லாந்து. கேக். புதிதாக எடுத்த இருவரில் ஒருவன் ஆறு கிழமை இருந்தான், மற்றவன் நாலு. உலகம் முழுக்கப் பாவிக்கிற மொழியல்லவா, உலகம் முழுக்கக் கூப்பிட்டது. திணைக்களம் கொடுத்த அனுபவக் கடிதம் விசாவுக்கு மிகவும் நல்லது என்று வெள்ளவத்தையெங்கும் பேர் பரவியது. அந்த வருடம் திணைக்களத்தில் கிளை வெட்டியதைவிடக் கேக் வெட்டியதுதான் கூட.

ஏழாம் மாதம் கடைசிப் பொடியனும் ரொறன்ரோவுக்குப் போனான். கடவுச்சொல் அவனுடைய தலைக்குள் போய்விட்டது. மேடம் கூப்பிட்டால் அங்கே அவன் நித்திரை. அவன் எழும்பும்போது இங்கே கந்தோர் பூட்டு. ஸஹாப்தீன் நானாவுக்கு ஒவ்வொரு திங்களும் தவறாமல் செய்தி வந்தது: 'தங்கள் கிளை பரிசீலனையில் உள்ளது.'

அவர் ஒருநாள் நேரில் வந்தார். நடு மாடியில் ஒருவரும் இல்லை. தேநீர் அறையில் மட்டும் ஆள் சத்தம்.

"தங்கச்சி, கிளை இப்ப ஓட்டைத் தொட்டிட்டு ஈக்கிது. மழை பெய்ஞ்சா ஊடு முழுக்கத் தண்ணி. யாரிட்ட செல்லுற?"

"உக்காருங்க நானா. பேரு, விலாசம் சொல்லுங்க," என்றார் பழனியம்மா. கேத்தலை இறக்கி வைத்துவிட்டுப் பழைய கணினியைத் தட்டினார். ஒரு இடத்தில் சிக்கியது, கார்த்திகனுக்குத் தொலைபேசி எடுத்தார், சரியானது. அனுமதிப் பத்திரத்தை மேடத்தின் தேநீரோடு தட்டத்தில் வைத்துக் கொண்டுபோனார். மேடம் தேநீர் வரும்போது எதற்கும் கையெழுத்துப் போடுவார்.

நானா போய்ச் சொன்னார். மறுநாள் தேநீர் அறைக்கு ஒன்பது பேர். அடுத்த கிழமை வரிசை படிக்கட்டு வரை நின்றது. அனுமதிகளின் எண்ணிக்கை ஏறியதைக் கண்ட அமைச்சு, புதிய மென்பொருளின் சாதனைக்காகச் சுமனுக்கு ஒரு கேடயம் வழங்கியது. சுமன் அந்தக் கேடயத்தின் படத்தை விண்ணப்பத்தோடு இணைத்து வெலிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகுதான், ஆட்கள் எல்லோரும் போனதெப்படி என்று பார்க்க விசாரணைக் குழு அமர்ந்தது. ஐந்து அமர்வு, பதினெட்டு மாசிக் கருவாட்டுக் கட்லட் கழித்து அறிக்கை வந்தது. 'ஊழியர் மரணமடைவது இடர் எனக் கருதப்பட்டமை தவறாகும். மரணமடைவார் என அஞ்சப்பட்டவர் கொழும்பிலேயே உயிரோடு இருக்கிறார். உண்மையான இடர் யாதெனில், ஊழியர் விரும்பப்படுவதேயாகும். ஆகையால், வெளிநாடுகளில் கிராக்கியுள்ள எந்தக் கணினி மொழியும் இத்திணைக்களத்தில் பாவிக்கப்படலாகாது.' அது சுற்றறிக்கையாக மூன்று மாடிக்கும் வந்தது.

மேடமே கார்த்திகனுக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த முறை நிரந்தர வேலை, ஓய்வூதியத்தோடு. ஆனால் நேர்முகப் பரீட்சை உண்டு.

அவருக்கு முன்னால் வந்த பொடியன் ஐந்து சர்வதேசச் சான்றிதழ்களைக் காட்டினான். அடுத்தவரை வரச் சொன்னார்கள். கார்த்திகன் உள்ளே போனார்.

"தங்களை எந்த நாடும் விரும்பவில்லை என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

கார்த்திகன் கோவையைத் திறந்தார். பதினொரு வருடக் கடிதங்கள். அனுஷியா முதல்நாள் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தாள்.

"கனடா இரண்டு தரம். நோர்வே. 'மிகவும் வருந்துகிறோம்.' நல்லது, நல்லது. அவுஸ்திரேலியா?"

"அவை பதிலே போடேல்லை, சேர்."

"அது இன்னும் நல்லது."

கார்த்திகனுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பத்து வருடம் விலகமாட்டேன் என்று பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். அனுஷியாவின் தமையன் ஒரு ஆள்பிணை, பழனியம்மா மற்றது.

வேலையில் சேர்ந்த இருபத்து மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏதோ ஒரு குளிர் நாட்டின் சிறிய நகரசபை. வீதியில் விழும் பனியை அள்ளும் வாகனங்களை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று அங்கே முப்பது வருடமாகப் பஸ்கால்தான் சொல்கிறதாம். அதை எழுதியவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாட்டில் வேறு ஆள் இல்லை. முன்பொரு தரம் நிராகரித்த விண்ணப்பத்தில் தங்கள் பெயர் கண்டோம், குடும்பத்தோடு வரலாம் என்றிருந்தது.

அனுஷியா அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு கம்பளிச் சட்டை விலை விசாரித்தாள். கார்த்திகன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்கு ஏறினார்.

மேடம் மெதுவாக வாசித்தார்.

"அப்ப பஸ்காலுக்குக் கிராக்கி வந்திட்டுது."

"ஒரேயொரு இடத்தில, மேடம். சின்ன ஊர்."

"ஒண்டோ நூறோ, கிராக்கி கிராக்கிதான். சுற்றறிக்கை தெரியுமெல்லே? நாளையிலிருந்து பஸ்காலை நிப்பாட்ட வேணும்."

"சரி மேடம். அப்ப நான் போகலாம்தானே?"

"எப்பிடிப் போறது? பிணைப் பத்திரம் உமக்கு. சுற்றறிக்கை பஸ்காலுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதேயும்."

பனி நகரத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று எழுதிப் போட்டார் கார்த்திகன். அந்த வாக்கியம் அவருக்கு மனப்பாடம்.

சாமான் கழிக்கும் சபை இன்னும் வரவில்லை. ஆகவே நிறுத்தப்பட்ட பஸ்கால் தேநீர் அறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பழனியம்மா அதற்கு முன்னால் இருக்கிறார். பதவிப் பட்டியலில் அவர் தேநீர் உதவியாளர் என்பதால் கணினிச் சுற்றறிக்கை அவரைத் தொடாது. கார்த்திகனுக்கு அதைத் தொட அனுமதியில்லை. பத்து வருடம் ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா? இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் ஊற்றுகிறார். தொடங்கினால் தொடங்குகிறது; முடித்தால் முடிகிறது.

போன வியாழக்கிழமை மேடம் தாமே கீழே இறங்கி வந்தார். வரிசை விலகி வழி விட்டது. ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார்.

"கார்த்திகன், இப்பிடித் தேத்தண்ணி போட இங்க வேற ஆருக்குத் தெரியும்?"

பழனியம்மா தட்டுவதை நிறுத்தினார். 'எனக்குத் தெரிய நான்தான்' என்று வாய்வரை வந்ததைக் கார்த்திகன் விழுங்கிக்கொண்டார். பட்டது போதும்.

"எல்லாருக்கும் தெரியும், மேடம். இலேசான வேலை."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் மாறியது.

"எல்லாருக்கும் தெரிஞ்ச வேலையெண்டால் எல்லா இடத்திலயும் கேப்பினம். நீர் எந்த நேரமும் போயிடுவீரே."

இடர் மதிப்பீட்டுப் படிவம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

வரிசையில் முதலாவதாக நின்றவர் ஸஹாப்தீன் நானா. வெட்டிய கிளை திரும்பத் துளிர்த்துவிட்டது. அவர் கார்த்திகன் பக்கம் மெல்லக் குனிந்து, "மகன், நீங்கெல்லாம் இப்பிடி உட்டுட்டு உட்டுட்டுப் போனா நாடு எங்க உருப்படுற?" என்றார்.

நானாவின் சட்டைப்பையிலிருந்து புதிய கடவுச்சீட்டு விண்ணப்பம் ஒன்று, இரண்டாய் மடித்தபடி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.