மின்சாரத்துக்கு ஒரு கையெழுத்து, ஏசிக்கு ஒரு கையெழுத்து

இந்த முறை வீட்டு மின்சார ஒப்பந்தத்தைத் தானே பேசி முடிப்பது என்று ஜெகதீசன் சபதம் எடுத்தபோது, அவருடைய பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெகத்துக்கே ஈசன் என்று பெயர். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்துப் பத்தாவது மாடி வீட்டில் ஏசி ரிமோட் மட்டும் அவர் ஆட்சிக்குள் வரவில்லை. அது மனைவி வசந்தமலரின் கைப்பையில் குடியிருந்தது. அவள் பாலிகிளினிக் வேலைக்குப் போனால் அதுவும் பஸ் ஏறிக் கூடவே போய்விடும்.

"மலரு, சாயங்காலம் ஒரு மணி நேரம் இருபத்து மூணுல வச்சா என்ன?"

"கரண்ட் யூனிட் என்ன விலைன்னு தெரியுமா? இருபத்தேழு போதும். காத்தாடிய வச்சுக்குங்க."

"வேற கம்பெனிக்கு மாறினா மலிவாக் கிடைக்குமாம்."

"மாறுங்களேன். யார் வேணாம்னா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நினைத்தார் ஜெகதீசன். விலையைக் குறைத்துவிட்டால் அவள் வாயை அடைத்துவிடலாம். அப்புறம் வீடே குளிரும்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் பரிசோதகர். முப்பது வருடம் அடுத்தவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண். மின்சாரம் வாங்குவோருக்கான வழிகாட்டிப் புத்தகத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். மஞ்சள் பேனா ஒன்று வாங்கி வரிக்கு வரி பூசினார். முதல் பக்கத்தை மட்டும் முன்னுரை என்று தள்ளிவிட்டார்.

நாலாம் நாள், கடைத்தொகுதியில் மேசை போட்டிருந்த மின்சாரக் கம்பெனி முன்னால் போய் உட்கார்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மிஸ் டியோ.

"விலை நிலையா இருக்குமா, ஏறி எறங்குமா?"

"நிலையான விலை, அங்கிள்."

"எத்தனை மாசம்?"

"இருபத்து நாலு."

"நடுவுல விலகினா அபராதம் உண்டா?"

"உண்டு. இதோ, இந்த வரியில இருக்கு."

"காலம் முடிஞ்சதும் என்னைக் கேக்காம நீங்களே நீட்டிச்சுக்குவீங்களா?"

மிஸ் டியோ பேனாவைக் கீழே வைத்தாள். "பத்து நாளா இங்க உக்காந்திருக்கேன், அங்கிள். எல்லாரும் குடை இலவசமான்னுதான் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இதெல்லாம் கேக்குறீங்க."

ஜெகதீசனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. குடையையும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப மின்சாரக் கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"வீட்டுத் தலைவர் பேர்ல."

அவள் அவர் கொண்டு வந்த பில்லைப் பார்த்தாள். "இதுல வசந்தமலர்னு போட்டிருக்கே. அது நீங்களா? கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கையெழுத்துப் போடணும். புத்தகத்துல முதல் பக்கத்திலேயே இருக்குமே."

இருபத்தாறு வருடத்துக்கு முன் வீட்டுச் சாவி கிடைத்த அன்று, மின்சாரக் கணக்குத் திறக்க வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு, "இந்தச் சில்லறை வேலையெல்லாம் நீயே பாத்துக்க" என்று மனைவியை அனுப்பியவர் அவர்தான். இப்போது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது.

வீட்டுக்கு வந்து தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

"அதுக்கென்ன, போடுறேன்," என்றாள் வசந்தமலர். மேசை இழுப்பறையிலிருந்து வேறொரு தாள்கட்டை எடுத்தாள். "எனக்கும் ஒரு கையெழுத்து வேணும். நீங்க முதல்ல போடுங்க."

"என்ன பேப்பர்?"

"வீட்டுப் பேப்பர்தான். மூணு பக்கம். படிச்சுப் பாருங்க."

பாலிகிளினிக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். கையெழுத்துப் போட வேண்டிய பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்பதைத் தவிர மனிதர்கள் எதையும் பார்ப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஜெகதீசனின் கண்ணெல்லாம் அவள் விரலிடையில் ஆடிய பேனா மீது இருந்தது. மனம் மாறிவிடப் போகிறாளே என்ற பயம் வேறு.

"படிங்கன்னு சொன்னேன்."

"உன்னை நம்பாம வேற யாரை நம்பறது?" என்று கம்பீரமாகக் கையெழுத்தைப் போட்டார்.

அதன் பிறகு அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மின்சார ஒப்பந்தத்தைப் படித்தாள். ஒரு வரி விடவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டாள்.

"நல்ல விலைதான். கெட்டிக்காரத்தனமாப் பேசியிருக்கீங்க."

"அப்ப ரிமோட்டைக் குடு."

அவள் அவர் கையெழுத்துப் போட்ட தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் வாய்விட்டுப் படித்தார். "ஏசி இருபத்தேழு. ரிமோட் வசந்தமலர் வசம். காலம் இருபத்து நாலு மாதம். முடிந்ததும் கேட்காமலே நீட்டிக்கப்படும்... இதை எப்ப எழுதின?"

"நீங்க மஞ்சப் பேனா வாங்கின அன்னிக்கு."

"நடுவுல விலகினா?"

"மூணாவது பக்கம்."

ஜெகதீசன் புரட்டினார். அபராதம்: மீதி மாதங்களுக்கு மூன்று வேளைச் சமையல்.

தாளை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.