ஏழு கோழிக்கு ஒரு ஸ்வெட்டர்

படிக்காமல் தப்பு செய்கிறவர்களை மன்னித்துவிடலாம். படித்து, அடிக்கோடும் போட்டு வைத்துக்கொண்டு தப்பு செய்கிறவர்களை என்ன செய்வது? நான் இரண்டாவது ரகம்.

கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த முதல் வருஷம். என் வீட்டுக்காரர் அருள், ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நானோ சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்கிய வம்சம். ஏற்காட்டை ஏழைகளின் ஊட்டி என்பார்கள். எனக்கு அது இமயமலையாகவே தெரிந்தது.

தனிக்குடித்தனம் வைத்தபோது மாமியார் ஆறு பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் கொடுத்தார். அதே மலையில் இருக்கும் செம்மநத்தத்தில் கோழி வளர்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். கொடுத்துவிட்டு மகனிடம் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார். (அதை அப்படியே என்னிடம் வந்து ஒப்பித்தார் அந்தப் புத்திசாலி.) "சேலத்துப் புள்ள, நம்ம மலைக் குளுருக்கு என்ன பண்ணுதோ. கிறிஸ்துமஸுக்கு வரேன். அப்ப கோழி எத்தன இருக்குதுன்னு பாக்கலாம்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஒரு கோழி குறைந்தாலும் சேலத்து மானமே போய்விடும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எஸ்டேட் பங்களாவில் கழித்துப்போட்ட பழைய காகிதங்களில் அந்த ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தது. குளிர்காலத்துக்குக் கோழிகளையும் சரக்கறையையும் தயார் செய்வது எப்படி என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார். அவர் ஊரில் முழங்கால் உயரத்துக்குப் பனிக்கட்டி விழுமாம். நம் ஊரில் விழாது என்ற சின்ன வித்தியாசத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

சரக்கறையில் ஆரம்பித்தேன். மூன்று மாதம் ரோடு அடைபட்டுவிடும் என்று நம்பி (பஸ் ஒரு நாள்கூட நிற்கவில்லை) அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அடுக்கினேன். கார்த்திகை மாதத்தில், வெயிலைக் கண்ணிலேயே காணாத மலையில், கூழ் காய்ச்சி வடகம் பிழிந்தேன். முதல் நாள் மூடுபனி வந்தது. இரண்டாம் நாள் அது போகவில்லை. மூன்றாம் நாள் வடகம் திரும்பவும் கூழாகிவிட்டது; கோழிகள்தான் தின்றன. பனி புகாமலிருக்கச் சரக்கறை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தேன். வெளியே போக வழியில்லாத கருவாட்டு நாற்றம் எங்களோடு குடித்தனம் நடத்தியது.

அடுத்தது கோழிகள். காப்பிப் பழம் பறிக்கப் போகிற வழியில், பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டுப் பொன்னம்மா நின்று பார்த்தாள்.

"ஏனுங்கம்மா, கொண்டையில என்னங்க தடவறீங்க?"

"வாசலின். இல்லன்னா குளுர்ல கொண்டை கறுத்துப் போயிருமாம்."

"எங்க ஊட்டுக் கோழிக்கெல்லாம் ஒண்ணும் ஆவுலீங்களே?"

"நீ படிச்சிருக்கியா, நான் படிச்சிருக்கனா?" என்றேன். (எழுதும்போது எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.)

பத்திரிகையில் எழுதிய அம்மாள் கோழிக்கு உடை தைக்கச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்த மூளை. அருளின் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு ஸ்வெட்டர் கிடந்தது. காப்பிப் பழச் சிவப்பு, மார்பில் வெள்ளைக் கம்பளியில் பெரிய 'அ'.

"ஏனுங்க, இத வெட்டிக்கட்டுங்களா?"

"அது நொம்ப அரிக்கும். நான் போடறதே இல்ல. என்னமோ பண்ணு," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இரண்டு கைகளையும் மும்மூன்றாக வெட்டியதில் ஆறு பெட்டைகளுக்கும் ஆளுக்கொரு சட்டை. மார்புத் துண்டு சேவலுக்கு. மாட்டிவிட்டதும் பெட்டைகள் பின்பக்கமாகவே நடந்தன. சேவல் கூவ வாயைத் திறந்தது. என்ன நினைத்ததோ, மூடிக்கொண்டது. அன்றோடு முட்டையும் நின்றது. ஏன் என்று கோழிகளா சொல்லும்? குளிர்தான் காரணம் என்று நானே முடிவு செய்து, கூண்டைச் சாக்கு வைத்து இன்னும் இறுக்கி அடைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மாமியார் ஜீப்பில் வந்து இறங்கினார். காப்பியைக் கையில் வாங்கியதும் மகனைத்தான் கேட்டார்.

"ஏஞ்சாமி, நான் பின்னிக் குடுத்த ஸ்வெட்டரப் போட்டுக்கறியா? கண்ணு மங்குன காலத்துல மூணு மாசம் பின்னுனேன்."

"தெனமும் போட்டுக்கறம்மா," என்றார் அருள், கூசாமல்.

அது யார் பின்னியது என்று அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்க, காட்டு பாக்கலாம்."

"துவைச்சுப் போட்டிருக்குங்க அத்தை," என்றேன்.

"செரி கண்ணு, அப்பக் கோழியப் பாக்கலாம் வா."

"தூங்குதுங்க அத்தை."

"பதினோரு மணிக்கா?"

அவரே போய்ச் சாக்கை விலக்கிக் கூண்டைத் திறந்தார். முதலில் சேவல் வந்தது. கொண்டை பளபளக்க, மார்பில் வெள்ளை 'அ' தெரிய, பிரசங்கத்துக்கு வருகிற பாதிரியார்போல நிதானமாக வந்தது. பின்னாலேயே ஆறு சிவப்புச் சட்டைகள், பின்பக்கமாக.

மாமியார் சேவலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன்.

"மன்னிச்சிருங்க அத்தை. நீங்க குடுத்த கோழிங்க, ஒண்ணுகூடச் செத்துறக் கூடாதுன்னுதானுங்க..."

அவர் ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். "ஏழும் இருக்குது," என்றார். பிறகு அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார்.

"அழுவாத சாமி. கோழிக்குக் குளுராது, மூடுபனியில நனைஞ்ச ஈரக் கம்பளிதான் ஆவாது. கத்திரிக்கோலக் கொண்டா." சட்டைகளை வெட்டிக் கழற்றிக்கொண்டே மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா பொய்க்காரா, நான் பின்னுனத இந்தக் கோழிங்களாச்சும் போட்டுச்சு. நீ?"

நான்காம் நாள் கோழிகள் முட்டை வைத்தன.

அடுத்த கார்த்திகையில் செம்மநத்தத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. "அம்மாவுக்குக் கோவம் தீந்துருச்சு," என்று அருள் ஆசையாகப் பிரித்தார். உள்ளே ஒரே ஒரு ஸ்வெட்டர். சாண் நீளம், இறக்கை நுழைய இரண்டு ஓட்டை, மார்பில் 'சே'.

இன்றைக்கும் வீட்டில் அவர் "குளுருது" என்று வாயைத் திறந்தால் போதும், பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "சேவல்கிட்டக் கேட்டு வாங்கிப் போட்டுக்கங்கப்பா!"