பொதுமக்கள் பார்வைக்கு

பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

காவல் நிலையத்தில் படியேறியதும் இடது பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் மேல்சட்டத்தில், 'கைது செய்யப்பட்டோர் விவரம் - பொதுமக்கள் பார்வைக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பொதுமக்கள் பார்ப்பதற்கு உள்ளே இருந்தது பலகையின் முதுகு மட்டும்தான். பேக்கரி முதலாளி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். துருப்பிடித்த ஆணிகளும் கொஞ்சம் ஒட்டடையும் தெரிந்தன.

உள்ளே போய் ஏட்டிடம் கேட்டார்.

"முன்பக்கம் வெயில் பட்டு எழுத்தெல்லாம் வெளுத்துப் போகுதுங்க. அதான் திருப்பி வச்சிருக்கோம்" என்றார் ஏட்டு, சாதாரணமாக.

"அப்ப யாரும் படிக்க முடியாதே."

"எழுத்து பத்திரமா இருக்குமில்ல?"

முதலாளிக்கு அங்கேயே ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. கொதிக்காதா பின்னே? அவருடைய ரொட்டி மாஸ்டரை விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாக, பேப்பர் போடுகிறவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பஸ் நிறுத்தத்தில் யாரோ இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மாஸ்டர் அந்த வழியாக நடந்ததுதான் குற்றம். சண்டை போட்டவர்கள் ஓடிவிட, ஓடத் தெம்பில்லாமல் நின்றவர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக் காலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ரொட்டி இந்த பேக்கரியிலிருந்துதான் போக வேண்டும். எதிர்க்கடைக்காரனிடம் இருந்த ஒப்பந்தத்தைத் தலைகீழாக நின்று வாங்கியிருந்தார் முதலாளி. முதல் நாளே ரொட்டி போகாவிட்டால் அது மறுபடி எதிர்க்கடைக்கே போய்விடும். அந்த அடுப்பின் குணம் தெரிந்த ஒரே ஆள் மாஸ்டர். முதலாளிக்கு ரொட்டியை விற்கத் தெரியும், சுடத் தெரியாது.

"சரி, பலகை வேண்டாம். எங்க மாஸ்டர் உள்ளே இருக்காரா, அதை மட்டும் சொல்லுங்க."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"முதலாளி."

"முதலாளி சொந்தம் கிடையாதுங்க. ரத்த சொந்தமா இருந்தாத்தான் வாயால சொல்லலாம்."

"அப்ப பொதுமக்கள் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பொதுமக்களுக்குத்தான் பலகை இருக்கே."

முதலாளி வராந்தாவுக்கு வந்து நின்று வாயைத் திறந்தார். மாவு பிசையும் இயந்திரம் ஓடும்போதே ஆட்களை வேலை வாங்கிப் பழகிய தொண்டை அது. யாரைப் பிடித்தீர்கள், எதற்குப் பிடித்தீர்கள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை, நீங்கள் போடும் பிச்சையில்லை என்றார். நடுத்தெருவில் ஒரு மனுஷனை அள்ளிக்கொண்டு வந்து அடைத்துவிட்டு, அடைத்தீர்களா என்று கேட்கிறவனிடம் நீ மாமனா மச்சானா என்று விசாரிப்பது எந்த ஊர் நியாயம் என்றார். அவர் கேட்டதில் ஒரு வார்த்தை தப்பில்லை. பட்டியலைக் காட்டாத காவல் நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதுகூடத் தெரியாமலா பலகை செய்து மாட்டினார்கள்?

"அவர் எப்படிப்பட்ட ஆள் தெரியுமா? வருஷக்கணக்கா ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சல்னாலும் வருவார். பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆன அன்னிக்கே, குழந்தை முகத்தைப் பார்த்துட்டு நேரா வந்து மாவுல கை வச்சவர். அப்படிப்பட்டவரா பஸ் ஸ்டாப்புல சண்டை போடுவார்?"

கட்டடத்தின் கடைசி அறைவரை அது கேட்டிருக்கும். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

காதைத் தேய்த்துக்கொண்டே வந்த ஏட்டு, எல்லாம் இணையத்திலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். இதை முதலிலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று முணுமுணுத்தபடி முதலாளி மகளுக்குப் போன் போட்டார். மகள் கடையில் கல்லாவில் இருந்தாள். ராத்திரிக்கு மாஸ்டர் வருவது சந்தேகம் என்பதால் முதலாளியின் மச்சான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தார். மச்சான் முன்பு எங்கோ ஒரு பேக்கரியில் கொஞ்ச நாள் இருந்தவர். பிரமாதமாக வராது, ஆனாலும் ரொட்டி என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று வரும்.

"அப்பா, கைது எண் கேக்குது" என்றாள் மகள்.

முதலாளி ஏட்டைப் பார்த்தார். கைதானவரிடம்தான் அந்த எண் இருக்கும் என்றார் ஏட்டு.

"அப்ப அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"அவர் இங்க இருக்கார்னு நான் சொல்லவே இல்லையே."

போனில் மகள், எண் கேட்காமலே பழைய பட்டியல்கள் திறக்கின்றன என்றாள். எது திறக்கிறதோ அதைப் படி, உரக்கப் படி, மாஸ்டர் பேர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் இவர். ஏட்டுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். மகளும் கடையில் அதையே செய்தாள். கொஞ்ச நேரம் ஊரில் உள்ளவர்களின் திருட்டும் புரட்டும் வரிசையாக வந்தன. பிறகு மகள் ஒரு வரியைப் பாதியில் விட்டாள்.

"என்னாச்சும்மா?"

"அப்பா... இதுல மாமா பேர் இருக்கு."

குடித்துவிட்டு அடுத்தவர் காரில் ஏறிப் படுத்துத் தூங்கியது, எழுப்பிய கார்க்காரரை என் வீட்டிலிருந்து வெளியே போ என்று மிரட்டியது. தேதி, அவர் கணக்குப் பயிற்சிக்காக வெளியூர் போயிருப்பதாகக் குடும்பமே நம்பிக்கொண்டிருந்த மாதம்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. மனைவி.

"மாஸ்டரைத் தேடப் போறேன்னு போயிட்டு என் தம்பி மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே. கடையில நாலு பேர் ரொட்டி வாங்க நிக்கறாங்க."

"நானா ஏத்தினேன்? அது பொது ஆவணம். யார் வேணா பார்க்கலாம்."

"நல்லாப் பாருங்க. அவன் ஏப்ரனைக் கழட்டி எறிஞ்சிட்டுப் போயிட்டான்."

முதலாளி கடைக்கு ஓடினார். மச்சான் விட்டுவிட்டுப் போன மாவு தொட்டியை மீறிப் பொங்கி மேசையில் இறங்கி, தரையைத் தொடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. அவரே ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். அடுப்பை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரியாமல் முடிந்தவரை ஏற்றினார். முதல் தட்டு வெளியே கரியாகவும் உள்ளே பச்சை மாவாகவும் வந்தது. அடுத்த தட்டைப் பயந்து பயந்து இறக்கியதில் வேகவே இல்லை. மகள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, இதைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடும், அந்த வகையில் அவர்களுக்கு லாபம்தான் என்றாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் முதலாளி மறுபடி காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். இந்தத் தடவை கையில் மேசை மாவைச் சுரண்டும் இரும்புத் தகடு இருந்தது. பொதுமக்கள் பார்வைக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தான் பொதுமக்கள். தனக்குப் பார்வை இருக்கிறது. இனி என்ன அனுமதி வேண்டும்?

வாசலில் யாருமில்லை. தகட்டைக் கண்ணாடிப் பெட்டியின் இடுக்கில் செருகி நெம்பினார். பூட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பூட்டு அப்படியே இருக்க, கண்ணாடி முழுவதும் பொலபொலவென்று காலடியில் கொட்டியது.

அந்தச் சத்தத்தில் உள்ளிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். அவர்கள் வந்து கையைப் பிடிப்பதற்குள் முதலாளி பலகையை இழுத்துத் திருப்பிவிட்டார். அவமானமோ அடியோ எது வந்தாலும் வரட்டும், படித்துவிட்டுத்தான் நகர்வது என்ற வெறி. படித்தார்.

'இப்பலகையைத் தொடாதீர்.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே பளிச்சென்று வெறும் பலகை. வெயிலே படாமல் காப்பாற்றியதால் அந்த ஒரு வரி மட்டும் நேற்று எழுதியது போல இருந்தது.

"இதுக்கா, இதுக்கா காலையிலேர்ந்து என்னை நாயா அலைய விட்டீங்க?" என்றார் முதலாளி. கோபத்தில் அழுகை வருகிற ஆட்களில் அவரும் ஒருவர்.

இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைத்தார். பொதுச்சொத்தை உடைத்திருக்கிறீர்கள், கைது என்று எழுதித்தான் விட முடியும் என்றார். அதுவரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் அந்த வார்த்தையைக் கேட்டதும் சுருங்கிப் போனார். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போச்சு. மச்சானுக்குத் தெரிந்தால் அதைவிட மோசம். வாழ்நாள் முழுக்க வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட முடியாது.

"சார், எழுதுங்க, வேண்டாங்கலை. என் பேரை மட்டும் வெளியில போட்டுடாதீங்க. நான் குடும்பஸ்தன்."

"பொதுமக்கள் தெரிஞ்சுக்கணும்னு காலையில அந்தக் கத்து கத்தினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது அடுத்தவங்களைப் பத்தி சார்."

ஏட்டுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து முதலாளியின் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்க. பலகையில எழுதினாலும் திருப்பித்தானே மாட்டப் போறோம்."

எழுதி முடித்து, புதுக் கண்ணாடி போட்டுத்தர ஒப்புக்கொள்ள வைத்து, போகலாம் என்றார்கள். முதலாளி எழுந்து வாசல்வரை வந்தார். படி இறங்கக் கால் வரவில்லை. அடுப்பு அணைந்து கிடக்கும், மாவு வீணாகிக்கொண்டிருக்கும், காலையில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நிற்கும். இவ்வளவு பட்டும், தேடி வந்த மனுஷன் இருக்கிறாரா இல்லையா என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லையே என்ற ஆற்றாமை மறுபடி பொங்கிக்கொண்டு வந்தது.

"எங்க மாஸ்டரை என்னதான்யா பண்ணினீங்க? அதைச் சொல்ல இந்தக் கட்டடத்துல ஒரு மனுஷன்கூட இல்லையா?" என்று யாரையும் பார்க்காமல் கத்தினார்.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மா, துடைப்பத்தை நிறுத்திவிட்டு, வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்கய்யா, அவரைக் காலையிலேயே விட்டாச்சு, செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தவரு உங்க குரலைக் கேட்டுட்டு, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இங்கேயே தூங்கிக்கறேன்னு திரும்ப உள்ளே போய்ப் படுத்துட்டாரு."