காணொளிக் கூட்டத்துக்கு ஒரு பொன்னாடை

ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிரிக்க வேண்டும், பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும், தோளில் போட வேண்டும், படம் எடுப்பவர் போதும் என்கிறவரை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், யாருக்குப் போர்த்தப் போகிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அப்போது நான் பொறியியல் கடைசி ஆண்டு. கல்லூரி படூர்ப் பக்கம் (பெயர் வேண்டாம், அவர்கள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை). ஊரடங்கெல்லாம் முடிந்தும் முடியாமலும் இருந்த காலம். வகுப்பு செல்பேசியில், தேர்வு செல்பேசியில், பிரிவு உபசார விழாகூட செல்பேசியில்தான் நடந்தது.

எங்கள் வீடு வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில். சைபீரியாவிலிருந்து கிளம்புகிற பறவை தவறாமல் எங்கள் ஏரிக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த ஏரிக்கரையிலிருந்து சிறுசேரி மென்பொருள் பூங்காவுக்குப் போய்ச் சேர எனக்குத்தான் வழி தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். அவர் பெயர் ஏழுமலை. செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஐ.டி. ஊழியர்களை ஏற்றிப் போகும் பதினான்கு இருக்கை வேன் அவருடையது. அலுவலகங்களை மூடியதிலிருந்து வேன் பூவரச மரத்தடியில் நின்றது. அம்மா அதன் கூரையில் மிளகாய் காயவைத்தாள். கடைசி இருக்கையில் கோழி முட்டையிட்டது. அப்பா தினமும் காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு, போக இடமில்லாமல் அதிலேயே உட்கார்ந்து தினசரி படிப்பார். வீட்டில் யாராவது ஒருவருக்கு வேலை கிடைத்தே ஆகவேண்டும். அந்த யாராவது நான்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதற்கு முன் நான்கு நேர்முகத் தேர்வுகளில் நான் தோற்றிருந்தேன். ஒன்றில் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டே இருபது நிமிடம் பேசினேன். (என் வாழ்க்கையிலேயே நன்றாகப் பேசியது அன்றைக்குத்தான்.) இந்த நிலைமையில் பல்கலைக்கழகம் இணையவழி வேலைவாய்ப்புக் கண்காட்சி ஒன்றை அறிவித்தது. திரையில் வரிசையாகக் கடைகள் மாதிரி நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் உள்ளே நிறுவனத்தார் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். என் பெயரை ஒரே ஒரு சிறுசேரி நிறுவனம் தேர்ந்தெடுத்திருந்தது. மாலை மூன்று மணிக்கு என் முறை. அன்று காலை தொடக்க விழாவில் பொதுச் சொற்பொழிவு ஆற்றப்போவது அதே நிறுவனத்தின் மனிதவளத் தலைவர், ஸ்ரீதரன் சார்.

இங்கேதான் மரகதம் மேடம் வருகிறார். எங்கள் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவின் தலைவி, தொடக்க விழாவை நடத்தும் பொறுப்பு அவருடையது. பொன்னாடை இல்லாத விழாவை அவர் விழாவாகவே கருதுவதில்லை. விழா இணையத்தில் நடந்தாலும் அவருக்கு அதே சட்டம்தான். முந்தைய மாதச் சொற்பொழிவுக்குப் பொன்னாடையைக் கூரியரில் அனுப்பியதில், விருந்தினர் தனக்குத்தானே போர்த்திக்கொண்டார். குளித்துவிட்டு வந்தவர் துண்டு போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. அதனால் இந்த முறை மாணவர் ஒருவர் விருந்தினர் இருக்கும் இடத்துக்கே போய், சரியான நேரத்தில் கேமராவுக்குள் நுழைந்து போர்த்த வேண்டும் என்று முடிவானது. ஸ்ரீதரன் சார் அப்போது மாமல்லபுரத்தில், கடற்கரையோரம் நண்பர் வீட்டில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார்.

யார் போகிறீர்கள் என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். என் கணக்கு எளிமையானது. காலையில் அவர் தோளில் சால்வை போட்டால் என் முகம் அவர் மனதில் பதியும். மூன்று மணிக்கு அவரே தன் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்வார். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு ஏன் நான்கு இடத்தில் தோற்றேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேடம் விதிகள் கொடுத்தார். கேமராவுக்கு முதுகு தெரியக்கூடாது. விருந்தினர் முகத்தை மறைக்கக்கூடாது. பக்கவாட்டில் நுழைய வேண்டும். மிக முக்கியமாக, கண் விருந்தினர் மேல் போகக்கூடாது, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஆண்டு மலருக்குப் படம் வேண்டுமாம். வீட்டில் நாற்காலிமேல் காஸ் சிலிண்டரை ஏற்றி வைத்து மூன்று நாள் பழகினேன். நான்காம் நாள் கண்ணை மூடிக்கொண்டே போர்த்தினேன். சோறு பொங்கும் நேரத்தில் சிலிண்டரை எடுத்துவிட்டேன் என்று அம்மாவுக்கு எரிச்சல். "அதுக்குப் போத்தி போத்தி இன்னாடா வரப்போவுது, அடுப்பு அணைஞ்சி கெடக்குது" என்றாள்.

மாமல்லபுரத்துக்கு பைக்கில் போகத்தான் நினைத்தேன். அப்பா விடவில்லை. பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவன் தலையெல்லாம் புழுதியாகப் போய் நிற்கக்கூடாது என்று வேனை எடுத்தார். பக்கத்து வீட்டார் நான்கு பேர் தள்ளி வண்டி உயிர்பெற்றது. கோழியை இறக்கிவிட்டோம். அப்பா கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வண்டியில்தானே உட்காரப் போகிறீர்கள், எதற்கு இது என்று கேட்டேன். அவர் முழுக்கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் தாண்டி, வழியெல்லாம் அவர் கியரை மாற்றிய விதத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு அப்போது அது தெரியவில்லை, நான் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீதரன் சார் நல்ல மனிதர். அவரும் வெள்ளைச் சட்டை. எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். கூடத்தில் மேசைமேல் மடிக்கணினி, எதிரில் ஒரு நாற்காலி. பக்கத்து அறையில், திரைச்சீலைக்குப் பின்னால் நான். காதில் இயர்போன், செல்பேசி சட்டைப்பையில். மேடத்தின் குரல் கேட்டதும் நுழைய வேண்டும். அப்பா தேநீரைக் குடித்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன்.

போகவில்லை. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மேடத்தின் வரவேற்புரை இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியது. ஸ்ரீதரன் சார் கேமராவை அணைத்துவிட்டு, மாடியில் இருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு வரலாம் என்று எழுந்திருக்கிறார். அது அலுவலக மடிக்கணினி. இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் பூட்டிக்கொள்ளுமாம். வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, கொஞ்சம் இதன்முன் உட்கார்ந்து அப்போதைக்கப்போது தொட்டுக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவும் பொறுப்பாக உட்கார்ந்து தொட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேடம் "இப்போது நம் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை" என்று சொல்லி, கேமராவையும் மைக்கையும் திறக்கும்படி விருந்தினருக்குத் திரையில் கோரிக்கை அனுப்பினார். மடிக்கணினியில் நீல நிறத்தில் ஒரு பொத்தான் வந்து நின்றது. அப்பா முன்பு விடுமுறை நாட்களில் செல்பேசிச் செயலி மூலம் வாடகைச் சவாரி எடுத்தவர். சவாரிக்கான பொத்தான் திரையில் வந்தால் நான்கு நொடிக்குள் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வண்டிக்குப் போய்விடும். அவர் விரலுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி பழக்கம். அமுக்கிவிட்டார்.

நான் நுழைந்தேன். பக்கவாட்டில், முதுகு தெரியாமல், பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கேமராவை மட்டும் பார்த்தபடி. வெள்ளைச் சட்டைத் தோள் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. போர்த்தினேன். சிலிண்டரைவிட நன்றாகவே படிந்தது. நிமிர்ந்து சிரித்தேன். அப்போதுதான் திரையில் எங்கள் இருவரையும் பார்த்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, ஸ்ரீதரன் சாருக்கு எங்கள் அப்பா ஜாடை இருக்கிறதே என்பதுதான். மீசைகூட அதே மாதிரி. அடுத்த நொடி, அது அப்பாவேதான் என்று புரிந்தது. கை தோளிலேயே ஒட்டிக்கொண்டது. வாயை மூட முடியவில்லை, அதனால் சிரிப்பும் போகவில்லை. அந்தச் சிரிப்போடுதான் ஆண்டு மலரில் இருக்கிறேன்.

மேடம் இதைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்போம். அவர் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். "ஆயிரக்கணக்கான இளைஞர்களைச் சிறுசேரிக்குக் கொண்டு சேர்த்த பெருமைக்குரியவர்" என்றார். அப்பா எழுந்து கைகூப்பினார். (இதுவரை மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.) சொற்பொழிவுக்கு முன் மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மேடம் கேட்டுக்கொண்டார். நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். பேச அழைத்தவரை மதிக்காமல் எழுந்து போவது அப்பாவுக்குத் தெரியாத பழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கங்க. வேலைக்குப் போற புள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். பிக்கப்பு ஆறு பத்துன்னா ஆறு பத்துக்கு ரோட்டாண்ட நிக்கணும். போன் போட்டா, தோ வந்துகினே கீறேன் அண்ணான்னுவீங்க. அப்பதான் பல்லு தேச்சிகினு இருப்பீங்க. ஒருத்தன் லேட்டானா பதிமூணு பேரு லேட்டு. அப்புறம் கேளம்பாக்கம் சிக்னல்ல மாட்டிகினு, அத்தினி பேரும் என்னியதான் திட்டுவீங்க."

அறுநூறு பேருக்கும் ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு திரையெல்லாம் கைதட்டும் பொம்மைகள் மிதந்தன. மேடம் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை, எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. திரும்பினால் மாடிப்படியடியில் ஸ்ரீதரன் சார். கோட்டில் ஒரு கை நுழைந்திருந்தது, இன்னொரு கை வெளியே தொங்கியது. வாய் திறந்தபடி தன் நாற்காலியையும் தன் பொன்னாடையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுண்டிப்போய், சால்வையை அவசரமாக எடுத்து மடித்து இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சிக்கங்க சார். பட்டன் வந்துச்சி, அமுக்கிட்டேன்" என்றார். ஸ்ரீதரன் சார் அதை வாங்கவில்லை. ஒருவருக்குப் போட்டதை எடுத்து இன்னொருவருக்குப் போடும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு கையையும் கோட்டில் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்காதீர்கள். நான் சமையலறையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வேனில் அப்பா உட்கார்ந்திருந்தார். சால்வை மடியில். "உன் வேலையக் கெடுத்துட்டேனாடா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கடுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா செல்பேசியில் நேரலை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். உறவுக்காரர்கள் பதினொரு பேரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அப்பா ஏன் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் அவள் குறை.

தள்ளிவிட ஆள் கிடைத்து வேன் கிளம்பவே இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது, மூன்று மணிக்குள் வீடு போக முடியாது. சவுக்குத் தோப்பு ஓரம் வேனை நிறுத்தி, பின் இருக்கையில் உட்கார்ந்து கண்காட்சிக்குள் நுழைந்தேன். நிறுவனத்தின் சார்பில் ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் திட்டம் முழு வெற்றி. முகம் பதிந்திருந்தது. என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள், இரண்டுக்கும் தப்பாகப் பதில் சொன்னேன். ஸ்ரீதரன் சார் சொல்லியிருப்பார் போல, "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்கள். மீதி எட்டு நிமிடமும் அவரோடுதான் பேசினார்கள். செங்கல்பட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் நெரிசலில் மாட்டாமல் வரலாம், மழைக்காலத்தில் எந்தச் சாலை தாங்கும், வண்டியில் எத்தனை இருக்கை என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு கேள்விக்கும் அப்பா தயங்கவில்லை. நேர்முகத் தேர்வை அப்படித்தான் எதிர்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பதினைந்து நாளில் தகவல் வந்தது. அலுவலகத்தைத் திரும்பத் திறக்கிறார்கள், செங்கல்பட்டு வழித்தடத்துக்கு வேன் தேவை, ஏழுமலை வர முடியுமா. எனக்கு வந்தது வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரி மின்னஞ்சல். அப்பா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெளியே போய் வெகுநேரம் வேனைத் துடைத்தார். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையா, சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை. மரகதம் மேடம் மட்டும் எதையும் வீணாக்காதவர். அப்பாவின் வேலையைக் கணக்கில் வைத்து, அந்த ஆண்டுக் கண்காட்சியில் வேலை பெற்றோர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்.

எனக்கும் ஒரு வருடம் கழித்து வேலை கிடைத்தது. அதே சிறுசேரி, அப்பா வேன் ஓட்டும் நிறுவனத்துக்கு அடுத்த கட்டடம். "எங்கூட்ல மொத வேல எனுக்குதான் கெடச்சிது, பையன் சிபாரிசு" என்று அவர் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொல்வதாகக் கேள்வி. நேரில் கேட்க எனக்கு வாய்ப்பில்லை. அது அவர்கள் ஊழியர்களுக்கான வண்டி, அடையாள அட்டை இல்லாதவர்களை ஏற்றக்கூடாது. அப்பா விதியை மீறுகிறவர் இல்லை.

அதனால் தினமும் காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே தெருவுக்கு, அவர் வேனிலும் நான் பேருந்திலுமாகப் போகிறோம். கேளம்பாக்கம் தாண்டும்போது ஏதாவது ஒரு இடத்தில் வேன் எங்கள் பேருந்தை முந்தும். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே குனிந்து பார்ப்பேன். ஓட்டுநர் இருக்கையின் முதுகில் அந்தப் பொன்னாடை போர்த்தியிருக்கும். அப்பா என் பக்கம் திரும்பாமல் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.