நன்றி சொன்னவருக்கு மாத்தே கிடையாது

மொந்தெவிதேயோ,
செவ்வாய்க்கிழமை

தக்குவாரெம்போவில் இருக்கும் அன்புள்ள நிபியா அக்காவுக்கு, தம்பி வில்மார் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உன் மாடுகளும் அத்தானும் அதே வரிசையில் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

நம் லூர்தெஸ் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அதனால் உன் இடுப்புவலியை அவளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவள் படித்தது மூளையிலுள்ள நட்சத்திர செல்களைப் பற்றி. நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடாதாம், நடுவே ஒரு சந்து இருக்குமாம், இந்தப் பக்கத்து செல் ஒரு ரசாயனத்தைச் சிந்தினால் அந்தப் பக்கத்துக்குச் சேதி போய்விடுமாம், சிந்தியது அங்கேயே தேங்கினால் அந்த செல் கத்திக் கத்தியே செத்துப்போகுமாம், அதனால் சந்தை ஒட்டி உட்கார்ந்திருக்கும் நட்சத்திர செல் மிச்சத்தை உறிஞ்சி, பக்குவம் பண்ணி, சிந்தியவனுக்கே திருப்பிக் கொடுக்குமாம். இதைப் போய் வெறும் பசை என்று ரொம்ப காலம் நினைத்திருக்கிறார்கள், பாவிகள்.

நேற்று வாய்மொழித் தேர்வு. இதில் கோட்டைவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் வீண். "அப்பா, நீங்க வரலாம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, பிளாஸ்க்கைத்தான் திறந்தேன். மாத்தே இல்லாமல் மனுஷன் எப்படித் தேர்வு நடத்துவான்? முன்வரிசையில் உட்கார்ந்து, சுரைக்குடுவையில் மாத்தே இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி, அந்த ஒரே குடுவையைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொருவருக்கும் நீட்டினேன். நடுவர்களில் இருவர் நம் ஆட்கள். மூன்றாமவர் ஹாம்பர்கிலிருந்து வந்த ஆல்பிரெக்ட். அவர் குடித்து முடித்து, குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது, பல்லெல்லாம் தெரிய "மிக்க நன்றி" என்றார். நம் ஊர் வழக்கத்தில் மாத்தே குடித்தவன் 'நன்றி' என்றால் 'எனக்குப் போதும், இனி தராதே' என்று அர்த்தம். உனக்குச் சொல்ல வேண்டுமா? நானும் அடுத்த சுற்றில் அவரைத் தாண்டிப் போனேன். நீட்டிய கையை அவர் அப்படியே காதுக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். அதற்கடுத்த சுற்றிலும் அதே கதைதான். மனுஷர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"உன் செல்லு துடைக்கிற வேலைதானே பண்ணுது? அது எப்படிம்மா பேச்சையே நடத்தும்?" என்று மடக்கினார் அந்த ஆல்பிரெக்ட். லூர்தெஸின் பார்வை என் கையிலிருந்த குடுவையில் வந்து நின்றது.

"சார், இங்க காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர் எங்கப்பா மட்டும்தான். ஆனா யாருக்கு எப்போ குடுவை போகணும்னு அவர்தான் முடிவு பண்றார். காலியானதை வாங்கி, ஊத்தி, திரும்பத் தர்றார். உங்களுக்கு மட்டும் தரலை. இப்ப உங்க நிலைமை எப்படி இருக்கு?"

"தொண்டை வறண்டு கிடக்கு! ஆமா, நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"நன்றி சொல்லிட்டீங்களே, சார்!"

கூடமே குலுங்கியது. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, மற்ற இருவருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டார்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மழை நன்றாகப் பெய்து உன் புல்வெளி பச்சைப்பசேலென்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஊமையாய் இருந்து பெண்ணைக் கரையேற்றிய தம்பி,
வில்மார்

பி.கு.: ஆல்பிரெக்ட் வெறும் மரியாதைக்குத்தான் நன்றி சொன்னார் என்று சுற்றுலா பஸ் ஓட்டிய எனக்கா தெரியாது? தேர்வுக்கு முன்னால் தாழ்வாரத்தில், "பாஸ் பண்ணிட்டு ஹாம்பர்க் வந்துடும்மா, என் ஆய்வகத்துல உனக்கு இடம் இருக்கு" என்று அவளிடம் சொன்னார், கேட்டுவிட்டேன். மனுஷர் கடுப்பாகி அந்தப் பேச்சையே மறக்கட்டும் என்றுதான் குடுவையைக் கொடுக்கவில்லை. கழுதை, அதையே உதாரணமாக்கி ஜெயித்துவிட்டாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கு மாத்தே ஊற்றுவேன், அக்கா? இன்று காலை முதல் குடுவையைக் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திருப்பித் தந்தாள். "நன்றிப்பா" என்றாள். எனக்குத்தான் காது கொஞ்சம் மந்தமாயிற்றே, மறுபடி ஊற்றி நீட்டினேன்.